வியாழன் முதல் புதன் வரை: தியேட்டரில் ஒரு படத்தின் முதல் வாரம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கா மகளோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டு, அப்படியே ஒரு படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். அவள் பார்க்க ஆசைப்பட்டது நம் நாட்டுப் பிள்ளைகள் எடுத்த ஒரு தமிழ்ப் படம். கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த எந்தத் தியேட்டரிலும் படம் இல்லை. ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் மட்டும் ஒரே ஒரு காட்சி, அதுவும் காலை 11.30க்கு, அது முடிந்தே போய்விட்டது.

"சின்னம்மா, போன வாரந்தானே வந்துச்சு? அதுக்குள்ள எங்க போச்சு?"

அந்த இடத்தில் என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் சொன்னேன், மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். படம் பார்க்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாகவே எண்ணம் உண்டு. ஆகவே அவளுக்கு எழுதியதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். வெளியீட்டு வாரம். நமக்கு வாரம் என்றால் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடியும். மலேசியத் தியேட்டர்களுக்கு வாரம் வியாழக்கிழமை தொடங்கி புதன்கிழமை இரவு முடிகிறது. புதுப் படங்கள் பெரும்பாலும் வியாழன் அன்று இறங்கும். பழைய படங்களின் காட்சிகள் குறைக்கப்படுவதும் தூக்கப்படுவதும் அன்றுதான். சென்னையில் வெள்ளிக்கிழமைதான் படம் வரும் நாள் என்பதால், தமிழ்ப் படங்கள் இங்கே சில வாரம் வியாழனும் சில வாரம் வெள்ளியும் வரும். ஆனால் தியேட்டர்காரர்களின் கணக்குப் புத்தகம் வியாழனில்தான் புதுப் பக்கம் திருப்புகிறது.

ஏன் வியாழன்? சனி ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் படம் ஊருக்குள் பேசப்பட வேண்டும். வியாழன் இரவு பார்த்தவர் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பேசுவார், கேட்டவர் சனிக்கிழமை குடும்பத்தோடு வருவார். இன்னொரு வசதியும் இருக்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கைத் தாண்டி சுங்கைப் பட்டாணிக்குப் போய்விட்டால் வியாழன் இரவே விடுமுறை இரவுதான்.

சரி, அந்த வியாழனுக்கு முன்னால் என்னவெல்லாம் நடக்கிறது?

சென்னையில் எடுத்த ஒரு படம் கோலாலம்பூர் திரைக்கு வர, யாராவது அதை இந்த நாட்டுக்கு வாங்க வேண்டும். கோடம்பாக்கத்தில் வெளிநாட்டு உரிமைக்கு 'எஃப்.எம்.எஸ்.' என்று பெயர். அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே எனக்குப் பழைய ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் நினைவுக்கு வரும். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் சேர்ந்த அந்தக் கூட்டமைப்பில்தான் ரப்பர்த் தோட்டங்களும் ரயில் பாதையும் இருந்தன, நம் தாத்தா பாட்டிகளும் இருந்தார்கள். லோட்டஸ் ஃபைவ் ஸ்டார், மாலிக் ஸ்ட்ரீம்ஸ், டி.எம்.ஒய். கிரியேஷன்ஸ் போன்ற நிறுவனங்கள் மலேசியாவில் தமிழ்ப் படம் வெளியிடுபவை. வாங்கும் விதம் மூன்று. மொத்தமாகப் பணம் கொடுத்து உரிமையை எடுத்துக்கொண்டால் அவுட்ரைட். குறைந்தது இவ்வளவு தருகிறேன், மேலே வந்தால் பங்கு என்றால் எம்.ஜி. வசூலில் கமிஷன் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தயாரிப்பாளருக்கே அனுப்பினால் கமிஷன் அடிப்படை. பெரிய நடிகர் படத்துக்கு முதலிரண்டு வழிகளில் பணம் முன்னாலேயே போய்விடுகிறது. ஆகவே வாங்கியவருக்கு முதல் நான்கு நாளில் எப்படியாவது போட்ட பணத்தை எடுத்தாக வேண்டிய நெருக்கடி.

அடுத்தது தணிக்கை. சென்னையில் சான்றிதழ் வாங்கியாகிவிட்டதே என்றால், அது இங்கே செல்லாது. 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி, உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் தணிக்கை வாரியம், அதாவது எல்.பி.எஃப்., படத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். அப்படியே அனுமதிக்கலாம், சில இடங்களை வெட்டச் சொல்லலாம், மறுத்தும் விடலாம். மறுத்தால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அனுமதித்தால் யு (எல்லோருக்கும்), பி12, 13, 16, 18 என வயதை வைத்து ஏதாவது ஒரு வகை கிடைக்கும். டிக்கெட் வாங்கும்போது படத்தின் பெயர்ப் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் எழுத்தும் எண்ணும் இவைதான். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அதைக் கவனித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

தணிக்கை ஒரு படத்தை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கு நம்மில் பலர் நேரில் பார்த்த உதாரணம் 2016 ஜூலை 22 அன்று வந்த 'கபாலி'. கதையே நம் ஊரில் நடக்கிறது. ஆனால் இந்தியாவில் திறந்த முடிவாக விடப்பட்ட கடைசிக் காட்சி, மலேசியப் பிரதியில் நாயகன் போலீசிடம் சரணடைந்ததாக ஓர் எழுத்து அட்டையோடு முடிந்தது. ஒரே நாளில் இரண்டு நாட்டில் வந்த ஒரே படத்துக்கு இரண்டு முடிவு.

மலாய் வசன வரிகளையும் படத்தில் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். தமிழ்ப் படமோ வெளியீட்டுக்குச் சில நாள் முன்புவரை இசைக்கோர்ப்பிலேயே இருக்கும். 'இந்த வாரம் வருகிறது' என்று சுவரொட்டி பார்த்த படம் சொன்ன நாளில் வராமல் போவதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. படம் தியேட்டருக்குள் எப்படி வருகிறது?

பழைய காலத்தில் பெட்டியில் வந்தது. 35 மி.மீ. பிலிம், 1,000 அடி ரீல் ஒன்றுக்கு ஏறக்குறைய 11 நிமிடம். இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் பதினைந்து ரீல். பிரதி எடுப்பது செலவு என்பதால் சில பிரதிகள்தான் இருக்கும், அவை ஊர் ஊராகச் சுற்றும். கோலாலம்பூரில் ஓடி முடித்து, சின்ன ஊருக்கு வரும்போது படத்தில் கோடு கோடாக மழை பெய்யும். ஆனால் அந்த முறையில் படத்துக்கு ஆயுள் நீளம். துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் 1920களின் தொடக்கத்தில் எழுந்த கொலிசியம் போன்ற ஒற்றைத் திரை அரங்குகளில், ஒரு படம் எடுபட்டால் அடுத்தது வரும்வரை அதுவே ஓடும். வீட்டில் நாளிதழின் சினிமா விளம்பரப் பக்கத்தை விரித்து வைத்து எங்கே என்ன படம் என்று பார்ப்பது என் அப்பாவின் ஞாயிறு காலை வழக்கம். அவர் படித்தது 'தமிழ் நேசன்'. அந்தப் பத்திரிகை 2019இல் நின்றபோது எனக்கு நினைவு வந்தது தலையங்கம் இல்லை, அந்த விளம்பரப் பக்கந்தான்.

இப்போது வருவது டி.சி.பி. என்ற கணினிக் கோப்புத் தொகுப்பு. பெரும்பாலும் 100 முதல் 300 ஜிபி வரை இருக்கும். ஹார்ட் டிஸ்கிலோ இணைய வழியிலோ தியேட்டருக்கு வந்து, புரொஜெக்டரோடு இணைந்த சர்வரில் ஏற்றப்படும். ஆனால் ஏற்றியதும் ஓடாது. அது பூட்டிய பெட்டி. திறக்க ஒரு சாவி வேண்டும், அதற்குப் பெயர் கே.டி.எம்.

இந்தச் சாவி நம் வீட்டுச் சாவி மாதிரி கிடையாது. எந்த ஹாலின் சர்வருக்காகச் செய்யப்பட்டதோ அதில் மட்டுமே வேலை செய்யும். மூன்றாம் ஹாலுக்கு வந்த சாவியால் ஐந்தாம் ஹாலில் படத்தைத் திறக்க முடியாது. அதோடு அதற்குள் நேரமும் எழுதப்பட்டிருக்கும். இந்தத் தேதி, இந்த மணியிலிருந்து இந்தத் தேதி, இந்த மணிவரை. ஒரு நிமிடம் முன்னாலும் திறக்காது, ஒரு நிமிடம் பின்னாலும் திறக்காது. மின்னஞ்சலில் அனுப்பிவிடக்கூடிய மிகச் சிறிய கோப்பு அது. முன்னூறு ஜிபி படமும் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

'முதல் காட்சி ரத்து, கே.டி.எம். வரவில்லை' என்ற செய்தியைத் தமிழ்ப் பட ரசிகர்கள் அடிக்கடிக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் தயாரிப்பாளருக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடையே பணம் தீராததால் சாவி வெளியே வராமல் நின்றிருக்கும். சென்னையில் ஓர் அறையில் நடக்கும் பேச்சு முடிய நேரமானால், செந்தூலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பாப்கார்ன் வாளியோடு வெளியே நிற்க வேண்டியதுதான்.

நேரம் என்றதும் இன்னொன்று. மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 9 மணிக்கு முதல் காட்சி என்றால் இங்கே 11.30. இங்கே பெரிய படங்களுக்கு அதற்கும் முன்பே முதல் காட்சி தொடங்கிவிடுவதால், படம் எப்படி என்று சென்னைக்காரர் கோலாலம்பூர்க்காரரிடம் கேட்கும் நிலை சில நாட்களில் வருகிறது.

படம் வந்துவிட்டது, சாவியும் வந்துவிட்டது. இனி இடம் கிடைக்க வேண்டும். என் அக்கா மகள் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

பத்து ஹால் இருக்கும் ஒரு பேரங்காடித் தியேட்டரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலை 11 மணிக்கு முதல் காட்சி, இரவு 9 மணி வாக்கில் கடைசிக் காட்சி. இரண்டு மணி நேர ஆங்கிலப் படம் ஒன்றை எடுத்தால், விளம்பரத்துக்கு 15 நிமிடம், கூட்டிப் பெருக்க 15 நிமிடம் சேர்த்து இரண்டரை மணி. 11, 1.30, 4, 6.30, 9 என்று ஐந்து காட்சி. நம் தமிழ்ப் படம் இரண்டே முக்கால் மணி. அதே அரை மணியைச் சேர்த்தால் 11, 2.15, 5.30, 8.45 என்று நான்கு காட்சிதான். (இடைவேளை என்று திரையில் எழுத்து விழும், ஆனால் பெரும்பாலான பேரங்காடித் தியேட்டர்களில் படம் நிற்காமல் தொடரும். கழிவறைக்கு எப்போது ஓடுவது என்று பெரியவர்கள் தவிக்கிறார்கள். ஐந்து நிமிடம் விடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.) ஆக, படம் நீளமாக இருந்தாலே ஒரு காட்சி நட்டம். டிக்கெட் விலையில் அதை ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் விலை நிமிடக் கணக்கில் வைப்பதில்லை.

பத்து ஹாலுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 45 காட்சி. இந்த 45ஐ யார் யார் பங்கு போடுகிறார்கள்? ஒரு வியாழக்கிழமையைப் பார்த்தால் ஹாலிவுட் படம், மலாய்ப் படம், சீனப் படம், தமிழ், இந்தி, தெலுங்கு, இந்தோனேசியப் பேய்ப் படம், ஜப்பானிய அனிமேஷன் என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். அதோடு போன வாரப் படங்களும் இன்னும் நகரவில்லை. உலகத்தில் இத்தனை மொழிப் படங்களை ஒரே கூரையின் கீழ் போடும் ஊர்கள் அதிகம் இருக்காது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் இடம் அதனாலேயே சுருங்குகிறது.

எந்தப் படத்துக்கு எத்தனை என்று முடிவெடுப்பவர் தியேட்டர் நிறுவனத்தின் காட்சி ஒதுக்கீட்டாளர். நடிகர் யார், முன்பதிவு எப்படி, இதே இயக்குநரின் போன படம் இந்த வட்டாரத்தில் எப்படி ஓடியது என்று பார்த்து வைப்பார். அதனால்தான் ஒரே படம் ஓர் இடத்தில் ஆறு காட்சியும் இன்னோர் இடத்தில் ஒன்றும் பெறுகிறது. கிள்ளானிலும் பட்டர்வொர்த்திலும் தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் தமிழ்ப் படத்துக்குக் கிடைக்கும் நேரம், நகரத்தின் உயர்ந்த பேரங்காடியில் கிடைக்காது.

இப்போது ஒரு கணக்கு. 150 இருக்கை உள்ள ஒரு ஹாலில் நான்கு காட்சி கிடைத்த சின்னப் படம். ஒரு நாளைக்கு 600 இருக்கை. காட்சிக்கு 30 பேர் வந்தால் 120 பேர், ஐந்தில் ஒரு பங்கு. வியாழன், வெள்ளி இப்படி. சனிக்கிழமை 50 பேர், ஞாயிற்றுக்கிழமை 60 பேர் என்று ஏறினால் நல்ல அறிகுறி, பார்த்தவர் சொல்லி மற்றவர் வருகிறார் என்று பொருள். ஏறாமல் அதே 30 என்றால்? திங்கள் காலை ஒதுக்கீட்டாளர் மேசையில் நான்கு நாள் கணக்கு வந்துவிடும். அடுத்த வியாழன் புதிதாக நான்கைந்து படம் வரிசையில் இருக்கிறது. அவர் என்ன செய்வார்? நான்கை ஒன்றாக்குவார். அந்த ஒன்றையும் வேலைநாள் காலை 11.30க்குப் போடுவார். வேலைக்குப் போகிறவர் யாரும் வர முடியாத நேரம். அடுத்த திங்கள் கணக்கில் அந்தக் காட்சிக்கு நான்கு பேர் என்று இருக்கும், அதோடு படம் முடிந்தது.

ஆகவே, அக்கா மகள் ஒரு வாரம் தாமதமாகப் போனதாக நினைத்தாள். உண்மையில் அந்தப் படத்தின் விதி, நாங்கள் அந்தப் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்குக் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பே, ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவாகிவிட்டது. அதற்கு முன்பு டிக்கெட் வாங்கியவர்களின் தலைகள்தான் அந்தக் கணக்கில் இருந்தன. 'கூட்டம் குறையட்டும், இரண்டாவது வாரம் போவோம்' என்று நல்ல மனத்தோடு காத்திருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. நானும் அப்படிக் காத்திருந்தவள்தான், அதனால் சொல்கிறேன்.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விலையில் கேளிக்கை வரி முதலில் போகும். 1953ஆம் ஆண்டின் சட்டப்படி அது 25 விழுக்காடு வரை போகலாம், இடத்துக்கு இடம் சலுகைகள் உண்டு. மீதியைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பங்கு போடுவார்கள். பல ஒப்பந்தங்களில் முதல் வாரம் விநியோகஸ்தரின் பங்கு கூடுதல், வாரம் ஏற ஏறத் தியேட்டரின் பங்கு கூடும். படம் எடுத்தவர் கைக்குப் போவது விநியோகஸ்தர் பங்கிலிருந்துதான்.

நம் ஊர்ப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் 1981இல் உருவானது. உள்ளூர்ப் படத்துக்குத் தியேட்டர்கள் இடம் கொடுத்தாக வேண்டும் என்ற 'வாஜிப் தாயாங்' திட்டம் அதனுடையது. அதனால் ஒரு சின்னத் தமிழ்ப் படமும் திரையை எட்ட முடிகிறது. ஆனால் இருக்கையில் ஆளை உட்கார வைக்கும் சட்டம் கிடையாது. சென்னைப் படத்துக்கு வானொலியில் பாட்டு, தொலைக்காட்சியில் பேட்டி, பெரிய நடிகரின் முகம் என்று விளம்பரம் மாதக்கணக்கில் முன்னாலேயே நடந்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு இருப்பது மின்னல் எஃப்.எம்., ராகா வானொலிகள் பக்கம் ஒரு பேட்டியும், கையில் பிடித்துக்கொண்டு போகும் சுவரொட்டியும், நண்பர் கூட்டமும்.

2015 டிசம்பரில் வந்த 'ஜகாட்'டை நினைத்துப் பாருங்கள். அதே டிசம்பரில்தான் ஸ்டார் வார்ஸ் வரிசையின் புதுப் படமும் வந்து உலகம் முழுக்கத் திரைகளை அள்ளிக்கொண்டது. தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்களின் கதையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் அந்தப் படத்துக்கு, 2016 செப்டம்பரில் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த மலேசியப் படம் என்ற விருது கிடைத்தது. மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் வைக்கும் ஏற்பாட்டுக்கு எதிர்ப்புக் கிளம்பி, அது மாற்றப்பட்ட ஆண்டு அது. என் அலுவலகத்தில் மலாய்த் தோழிகள்கூட அன்று படத்தை எங்கே பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். விருது வந்த செப்டம்பருக்கும் படம் வந்த டிசம்பருக்கும் இடையே ஏறக்குறைய ஒன்பது மாதம் ஓடியிருந்தது.

எந்த வாரத்தில் வருகிறது என்பதும் விதியைத் தீர்மானிக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரிய நடிகர் படம் கட்டாயம் இருக்கும், அந்த வாரத்தில் சின்னப் படம் இறங்கினால் நசுங்கிவிடும். சீனப் புத்தாண்டுக்கு ஹாங்காங் படங்கள், ஹரி ராயாவுக்கு மலாய்ப் படங்கள். நோன்பு மாதத்தில் பெரிய மலாய்ப் படங்கள் அவ்வளவாக வராது, அப்போது மற்ற மொழிகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். பள்ளி விடுமுறை என்றால் அனிமேஷன் படங்கள் ஹாலை நிறைக்கும். இன்னொன்று, பல தமிழ்ப் படங்கள் இப்போது நான்கு வாரத்தில் ஓடிடி தளத்துக்குப் போய்விடுகின்றன. 'வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் இரண்டாவது வாரக் கூட்டத்தை மேலும் குறைக்கிறது.

சரி, இவ்வளவும் தெரிந்தபின் ஒரு வாரத்தின் அட்டவணையை எப்படிப் படிப்பது? வியாழனுக்கான காட்சி நேரங்கள் பெரும்பாலும் செவ்வாய், புதன் வாக்கில் செயலியில் வந்துவிடும். போன வாரப் படம் எத்தனை காட்சியிலிருந்து எத்தனைக்கு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இரவு 8.45 காட்சி இன்னும் இருந்தால் படம் நன்றாக இருக்கிறது. காலைக் காட்சி மட்டும் என்றால் அது கடைசி வாரம், உடனே போய்விடுங்கள். பெரிய ஹாலிலிருந்து சின்ன ஹாலுக்கு மாறியிருக்கிறதா என்பதும் இருக்கை வரைபடத்தைத் திறந்தால் தெரியும். பல தியேட்டர்களில் புதன்கிழமை டிக்கெட் மலிவு. அது பெரிய படத்துக்கு நல்ல நாள். சின்னப் படத்துக்கு நான் புதன்வரை காத்திருப்பதில்லை. அதற்குள் திங்கள் கணக்கு முடிந்துவிட்டிருக்கும்.

இதைப் படித்துவிட்டு அக்கா மகள் வீட்டுக் குழுவில் ஒரு செய்தி போட்டாள். அடுத்த மாதம் வரப்போகும் இன்னோர் உள்ளூர்த் தமிழ்ப் படத்தின் தேதி, அதன் கீழே 'வெள்ளி இரவு, 8.45, யார் யார் வர்றீங்க?' என்ற கேள்வி. இதுவரை ஆறு பேர் கை தூக்கியிருக்கிறோம். அக்காவும் அத்தானும் இன்னும் பதில் போடவில்லை. இடைவேளை விடுவார்களா என்று மட்டும் அத்தான் கேட்டிருக்கிறார்.